கணக்கில் காசு குறைந்தால், முடங்கினால், போன் கைமீறினால்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

கோபிச்செட்டிபாளையம் பக்கம் கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் வருகிறவர்களுக்கு நடுவே, "ஏனுங்க தம்பி, அக்கவுண்ட்டுல காசக் காணோமுங், சித்தெ பாருங்க" என்று போனை நீட்டுகிறவர்கள் ஓய்வதே இல்லை. கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கின்றன. எங்கே தொடங்குவது, எத்தனை நாளுக்குள் சொல்வது என்று தெரியாததால்தான் பலருக்குத் திரும்பி வரவேண்டிய பணம் வராமலே போகிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நேர்ந்ததோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று விஷயம். வந்த எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீர்கள். எந்தப் புகாருக்கும் புகார் எண் வாங்குங்கள். "பாத்துக்கறோம், போயிட்டு வாங்க" என்பது புகார் ஆகாது. வங்கியின் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கே முதலில் வருவது மோசடிக்காரன் போட்டு வைத்த எண்ணாகவும் இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கும் சொல்லும் எண்ணே சரியானது.

## சின்னத் தொகை ஒன்று தானாகக் குறைந்திருக்கிறது

பதறாதீர்கள், பெரும்பாலும் இது திருட்டு இல்லை. பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்து, குறைந்த தொகை எவ்வளவு என்று பாருங்கள்.

மே மாதக் கடைசியில் ₹20 அல்லது ₹436 போயிருந்தால் அது பிரதமர் பெயரிலுள்ள விபத்து, ஆயுள் காப்பீடுகளின் ஆண்டுப் பிரீமியம். கணக்கு தொடங்கிய அன்று நீட்டிய தாள்களில் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் வீட்டில் சம்பாதிக்கிறவர் பெயரில் இருந்தால் நிறுத்துவதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். இரண்டுமே தலா 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு.

வேறு தொகை என்றால் கார்டுக்கான ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான பிடித்தம் என்று வரிசையாகப் பாருங்கள்.

மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போனால் அது ஆட்டோபே. பேரன் ஏதோ பாட்டுச் செயலிக்கோ விளையாட்டுக்கோ ஒப்புதல் கொடுத்திருப்பான். யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால் பட்டியல் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். இந்த வகைப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வந்த சுவடே இல்லை, ஒப்புதல் கொடுத்த ஆளும் வீட்டில் இல்லை என்றால், 'நான் செய்யாத பரிவர்த்தனை' என்ற தலைப்புக்குப் போங்கள்.

## கணக்கில் கழிந்தது, எதிரில் சேரவில்லை

யுபிஐயில் ஆளுக்கு அனுப்பியது: மறுநாள் முடியும்வரை பொறுங்கள். தோல்வியடைந்த பணம் அதற்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு ஸ்கேன் செய்தது என்றால் ஐந்து நாள். அதற்குள் அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இரண்டும் சேர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. சந்தையில் கடைக்காரர் நெருக்கினால் ரொக்கம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஏடிஎம்மில் நோட்டு வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: இதற்கும் ஐந்து நாள். எந்த வங்கியின் இயந்திரமாக இருந்தாலும் புகார் கொடுக்க வேண்டியது உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியில்தான். சீட்டு வராவிட்டால் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் நேரத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. கேட்காமலே தரவேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. ஆனாலும் கேட்டு எழுதிக் கொடுங்கள். இங்கே நாள் என்பது காலண்டர் நாள், ஞாயிறும் சேர்த்தி.

எண்ணைத் தப்பாகப் போட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது: இது கோளாறு அல்ல, நீங்களே அனுப்பிய பணம். பெற்றவர் சம்மதிக்காமல் வங்கியால் அதைப் பிடுங்க முடியாது. செயலியிலும் கிளையிலும் அன்றே புகார் கொடுங்கள். உங்கள் வங்கி அவருடைய வங்கிக்கு எழுதும். தொகை பெரிது, அவர் மறுக்கிறார் என்றால் வக்கீல் நோட்டீஸ்தான் அடுத்த வழி.

## நான் செய்யாத பரிவர்த்தனை

இங்கே மட்டும் பொறுமை கூடாது. முதல் வேலை, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைப்பது. இரண்டாவது, வங்கியை அழைத்துக் கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்வது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். யார் மேல் தப்பு என்ற பேச்சை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. தடப்பள்ளி வாய்க்காலில் விட்ட தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குள் போய்விட்டால் திருப்பிக் கொண்டுவர முடியுமா? தலைமதகிலேயே அடைத்தால்தான் உண்டு. 1930-இல் சொன்னதும் அந்தத் தகவல் பணம் போன வங்கிக்குப் போய், எடுக்கப்படாமல் மிச்சமிருக்கிற தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கணக்கு எண், போன தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நீங்களே பதியலாம். அழைத்துச் சொன்னவர்களும் பிறகு அந்தத் தளத்தில் விவரத்தை முழுமையாக்க வேண்டும்.

### ஓடிபி, பின் எதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை

அப்படியென்றால் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின் சாரம் இது. தப்பு வங்கியுடையது என்றால் நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு இழப்பு இல்லை. தப்பு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல, நடுவில் வேறெங்கோ என்றால், தகவல் வந்த மூன்று பணிநாளுக்குள் சொன்னால் இழப்பு சுழி. நான்கு முதல் ஏழு பணிநாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ₹10,000, இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு ₹5,000 வரை உங்கள் தலையில் விழும். ஏழைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

நாள் எண்ணுவதில்தான் பலர் சோர்ந்து போகிறார்கள். எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. விடுமுறையும் சேராது. வெள்ளி இரவு பணம் போனது, மறுநாள் இரண்டாம் சனி என்றால், திங்கள்தான் முதல் நாள். புதன்வரை உங்களுக்கு உரிமை உண்டு. "நாள் தாண்டிப்போச்சுங்க" என்று கவுண்டரில் சொன்னால் காலண்டரைக் காட்டிப் பேசுங்கள். 1930-க்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் ஆகாது. அங்கே நிமிடம்தான் கணக்கு.

புகார் கொடுத்த 10 பணிநாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். முடிவு தெரியும்வரை எடுக்க முடியாமல் பிடித்து வைப்பதுண்டு, அதற்குக் கவலை வேண்டாம். 90 நாளுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். தப்பு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. இந்த ஒரு வரியைப் புகார்க் கடிதத்தில் எழுதிவிட்டால் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

### சொல்லிவிட்டேன்

மறைக்காதீர்கள். புகாரில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விதிப்படி, நீங்கள் வங்கிக்குச் சொல்லும் நிமிடம்வரை போனது உங்கள் இழப்பு; சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் இழப்பு. எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதே இங்கே உங்கள் சாட்சி. அழைப்புப் பட்டியலைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தவரை வீட்டில் யாரும் திட்டவும் வேண்டாம். திட்டுக்குப் பயந்து ராத்திரி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வந்து அழுகிற அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

### போனே இல்லை, செயலியும் இல்லை, ஆனாலும் பணம் போனது

அப்பாரும் அப்பத்தாளும் முதியோர் உதவித்தொகை எடுக்கிற கணக்கில் இது நடக்கும். ஆதாரும் கைரேகையும் இருந்தால் போதும் என்ற முறை அது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "கடைசியா பணம் எடுத்தப்ப ரேகை எத்தன தடவ வெச்சீங்க?" "பதியல, இன்னொருக்கா வெய்ங்க" என்று சொல்லி இரண்டு முறை எடுப்பது பழைய தந்திரம். ஒவ்வொரு முறைக்கும் சீட்டு கேளுங்கள், தோல்வி என்றாலும் கேளுங்கள்.

அதுவும் இல்லை என்றால் யாரோ ரேகையை நகலெடுத்திருக்கலாம். நிலப் பத்திர நகல்களிலிருந்து ரேகை எடுத்துப் பணம் திருடிய வழக்குகள் பிற மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் எங்கெங்கே ரேகை சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கலாம். அதை அச்செடுத்துப் புகாருடன் இணையுங்கள். பிறகு எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டுவிடுங்கள். பணம் எடுக்கும் அன்று மட்டும் திறந்தால் போதும். ஆதாரில் செல்பேசி எண் இணைத்திருந்தால்தான் இது நடக்கும், இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். உதவிக்கு ஆதார் சேவை எண் 1947.

## போனில் திடீரென்று சிக்னல் இல்லை

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவன சிக்னல் இருக்கிறதா பாருங்கள். அவருக்கும் இல்லை என்றால் டவர் பிரச்சினை. உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வேறு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்து, "என் எண்ணுக்குப் புது சிம் யாராவது வாங்கியிருக்காங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த நிமிடமே வங்கியை முடக்கச் சொல்லுங்கள். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த அவகாசம் உங்களுக்கானது.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று குறிக்கலாம். காணாமல் போன போனை முடக்குவதும் அதே தளத்தில்தான்.

## போன் தானாக நடக்கிறது, எஸ்எம்எஸ் வந்த சுவடே இல்லை

கடைசியாக வாட்ஸாப்பில் என்ன திறந்தீர்கள் என்று யோசியுங்கள். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம், பிஎம் கிசான் தவணை, இவற்றில் ஏதோ ஒரு பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வந்திருக்கும். ஒறம்பரை (சொந்தக்காரர்) எண்ணிலிருந்தே வந்திருக்கும், ஏனென்றால் அவர் போன் முதலில் மாட்டியிருக்கும். பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். நிறுவச் சொல்லிக் கேட்கவே கேட்காது.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள்.
2. சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். ஓடிபி இனி அந்தச் செயலியின் கண்ணில் படாது.
3. பட்டன் போனிலிருந்து வங்கியை அழைத்து எல்லாவற்றையும் முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930.
4. ##002# அழுத்தி அழைப்புத் திருப்பம் எல்லாவற்றையும் நீக்குங்கள்.
5. பழைய போனில் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மை, சாதன நிர்வாகி ஆகிய அனுமதிகள் எந்தச் செயலியிடம் இருக்கின்றன என்று பார்த்துப் பறியுங்கள். பிறகு செயலியை நீக்குங்கள்.
6. நீக்க மறுத்தால் பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து முயலுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு முழுவதும் அழித்து மீட்டமையுங்கள்.

ஆறாவதைச் செய்யப் பழக்கமில்லாதவர்கள் செல்போன் சர்வீஸ் கடைக்குப் போகலாம், ஆனால் மூன்றாவது படி முடிந்த பிறகு மட்டும். போன் பூட்டு எண்ணைத் தவிர வங்கி சம்பந்தப்பட்ட எதையும் கடையில் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் வேறு போனில் உட்கார்ந்து கடவுச்சொல், யுபிஐ பின் எல்லாம் மாற்றுங்கள்.

## கணக்கு முடங்கிவிட்டது

கொங்கு நாட்டில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் விற்பவர், ஈரோட்டில் மஞ்சள் வியாபாரி, பல்லடத்தில் கோழித் தீவனக் கடை, எல்லோரும் முகம் தெரியாதவரிடமிருந்து தினமும் பணம் வாங்குகிறவர்கள். அதில் ஒன்று எங்கோ திருடிய பணமாக இருந்துவிட்டால், வடமாநிலக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து வரும் கடிதத்தில் கணக்கு நின்றுவிடும். சனிக்கிழமை சம்பளம் போட முடியாமல் தவிக்கும் முதலாளிகளுக்கு இது எத்தனை பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் எளிய காரணங்களைக் கழியுங்கள். கேஒய்சி என்கிற அடையாள, முகவரி விவரத்தைப் புதுப்பிக்கவில்லையா? பான் இணைக்கவில்லையா? இரண்டு வருடம் வரவு செலவே இல்லாமல் செயலற்ற கணக்கு ஆகிவிட்டதா? இவை என்றால் ஆதாரும் பானும் கொண்டுபோனால் தீரும். செயலற்ற கணக்கை மீட்கக் கட்டணம் கேட்கக் கூடாது.

போலீஸ் கடிதம் என்றால், கிளையில் எழுத்துமூலம் நான்கு விவரம் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை. "எங்களுக்குத் தெரியாதுங்க, சைபர் கிரைம்ல கேளுங்க" என்பார்கள். விடாதீர்கள், கடிதம் வந்தது வங்கிக்குத்தான்.

விவரம் வந்ததும் அந்தப் பரிவர்த்தனைக்கான பில், ஜிஎஸ்டி விவரம், இ-வே பில், லாரி ரசீது, வாட்ஸாப் பேச்சு, ஆறு மாத ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் காவல் நிலையத்தின் மின்னஞ்சலுக்கும் விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். நகல் கிளைக்கு. ₹3,000 சந்தேகத் தொகைக்கு மொத்தக் கணக்கும் நின்றிருந்தால், அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி மிச்சத்தை விடச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு என்று குறிக்காமல் கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது.

"பாஞ்சாயிரம் போடுங்க, தொறந்து விடறோம்" என்று அழைப்பு வந்தால் அது புது மோசடி, போலீஸ் அல்ல. இரண்டு மூன்று வாரமாகியும் அசைவில்லை, அல்லது விசாரணைக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது என்றால், தனியாக ரயில் ஏறாதீர்கள். குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீலை இங்கேயே பாருங்கள்.

இன்னொரு பேச்சு, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கம்பெனியில் தங்கி வேலை செய்யும் வெளியூர்த் தம்பிகளுக்கும். கணக்கையும் சிம்மையும் மாத வாடகைக்குக் கேட்பார்கள், கமிஷன் தருவதாகச் சொல்வார்கள். கொடுத்துவிட்டால் வழக்கில் குற்றவாளியின் இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

## வாங்காத கடனுக்கு அழைப்பு, அல்லது கடன் செயலி மிரட்டுகிறது

யார் பெயரில் என்ன கடன் என்று பதிந்து வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கிலும் வருடம் ஒருமுறை முழு அறிக்கை இலவசம். எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அந்தத் தளத்துக்கும் மறுப்பு எழுதுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100. பான் நகலை வைத்து எடுத்த கடன் என்றால் போலீஸ் புகாரும் வேண்டும்.

செயலியில் வாங்கியது உண்மை, மிரட்டல் தாங்கவில்லை என்றால்: கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடவே கூடாது என்பது 2022 முதல் விதி. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் தளத்தில் அனுமதி பெற்றவர்களுடைய செயலிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத செயலி என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் புகார்த் தளத்தில் புகார் செய்யுங்கள். மார்ஃபிங் படம் அனுப்பினால் தாமதிக்காமல் சைபர் கிரைம். பணம் கட்டினால் அவர்கள் நிறுத்துவதில்லை.

## முகம் தெரியாதவன் என் விவரமெல்லாம் சொல்கிறான்

பேர், பிறந்த தேதி, ஆதாரின் கடைசி எண்கள் என்று அவன் அடுக்குவதால் அவன் வங்கிக்காரன் ஆகிவிட மாட்டான். வங்கிகளின் சேவை அழைப்புக்கென்று 1600-இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். வங்கித் தள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். பணம் பெறுவதற்கு எந்த நாளும் பின் போடத் தேவையில்லை. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்றால் துண்டித்துவிடுங்கள்; சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

விவரம் கசிந்த வழிகளில் நாமே அடைக்கக்கூடியவை சில. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய ஆதார் அந்தப் போனில்தான் இருக்கிறது. அச்செடுத்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். என் கடைக்கு வந்தாலும் கேளுங்கள். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸாப்பைத் திறந்திருந்தால், போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அது இன்னும் ஓடுகிறதா பாருங்கள். விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் போதும். நகலின் குறுக்கே என்ன காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

## வங்கி பதிலே சொல்லவில்லை

எழுத்துமூலப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் பதியலாம். கணினி வராதவர்கள் சண்டிகரிலுள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகத்துக்கு 14448, தமிழிலும் பேசலாம்.

வங்கிக்குப் போகாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் முதல் நாள் வாங்கிய புகார் எண்ணும், கிளையில் முத்திரை வைத்து வாங்கிய நகலும் வேண்டும். ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல, அது இந்த வழியில் வராது. அதற்குக் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகம். தொகை லட்சக்கணக்கில் இருந்து, ஒம்பட்ஸ்மேனும் கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே போகும்போது வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது.